எண்பத்தெட்டில் இருபத்திரண்டு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கண் மேல் ஆணை. சந்தேகப்படுகிறவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம்.

அவள் அப்போது முழங்கைவரை தண்ணீருக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். சின்ன வலையால் மீன்களை ஒவ்வொன்றாக அள்ளிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். டிஸ்கஸ் மீன்கள், தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். மூன்று மாதக் குட்டிகள் என்பதால் இப்போதைக்கு பிஸ்கட் அளவு. எண்பத்தேழு. எண்பத்தெட்டு. எண்ணுவதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த அறையில் அவள் கணவர் படுத்திருந்தார். காலையில் வந்த டாக்டர், "இன்னிக்கு தாண்டுறதே பெரிசும்மா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் அவருக்குக் கால்வாசி என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "நாலுல ஒண்ணு" என்பார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறக்கும் முன்பே காதுமடல் எப்படி இருக்கும், மூக்கு யார் மூக்கு என்றெல்லாம் கணக்குப் போட்டுச் சொன்னார். குழந்தை பிறந்த வாரமே அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. மூக்கு, மாடி வீட்டுக்காரர் மூக்கு. இப்போது ஆளே கால்வாசிதான் மிச்சம். பட்டப்பெயர் வைத்தவர்கள்கூட அது இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அவருடைய கணக்கு எளிமையானது. பச்சை மீன் இரண்டைச் சேர்க்கிறோம். இரண்டுக்கும் உள்ளே, பாட்டன் வழியில் வந்த சிவப்பு ஒளிந்திருக்கிறது. அப்படியானால் குட்டிகளில் நாலில் ஒன்று சிவப்பாக வரும். ஒரு பக்கம் மட்டும் ஒளிந்திருந்தால் ஒன்றுகூட வராது. "ஒளிஞ்சிருக்கிறது வெளிய வரணும்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்," என்று மூன்று வேளையும் மருந்து மாதிரி சொல்லுவார். முப்பது வருஷமாக ஜோடி சேர்த்து, முட்டை காத்து, அப்பன் ஆத்தாள் உடம்பில் ஊறும் கோழையைத் தின்று குட்டிகள் வளர்வதைப் பார்த்து, பதினொரு நோட்டு எழுதியிருந்தார். வண்ணமீன் சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. "உங்க மீனெல்லாம் கணக்கு டியூஷன் போகுதா?" என்று சிரித்தார்கள். பொறாமை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாள் மனைவியைத் தொட்டி முன் நிறுத்தி, "இது என்ன நிறம்?" என்றார். புதுப்பெண், "சிவப்பு," என்றாள். அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் கண். அவள் சொல்வாள், அவர் எழுதுவார். பிறந்த மகளுக்கும் அப்பாவின் கண்ணே வாய்த்தது. ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் பச்சையுமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தவள். "என் சொத்து வேற எங்க போகும்?" என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இந்த எண்பத்தெட்டும் கடைசி ஜோடியின் குட்டிகள். இந்த ஓர் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் போவது என்று மூன்று மாதமாக உயிரைப் பிடித்து வைத்திருந்தார். நேற்றுவரை நிறம் சரியாக ஏறவில்லை என்று அவள் தள்ளிப்போட்டிருந்தாள். இனித் தள்ள நாளில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேங்க. மொத்தம் எண்பத்தெட்டு."

"சிவப்பு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இருபத்திரண்டு."

அவர் உதடு அசைந்தது. வகுத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நோட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள்.

"போன தடவை?" என்றார்.

"அறுபதுக்குப் பதினஞ்சு."

"அதுக்கு முன்னாடி?"

"நாப்பதுக்குப் பத்துங்க. எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"சரியா நாலுல ஒண்ணு."

"நீங்க சொன்ன கணக்குதானே."

மீன் அறையிலிருந்து காற்றுப் பம்பின் குளுகுளுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சாகிற நேரத்தில் மனிதனுக்குக் கர்வம் கொஞ்சம் குறையும்போல.

"மீனுக்கு வகுத்தல் தெரியாதுடி," என்றார்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "எழுதட்டுமா?" என்றாள்.

"முப்பது வருஷமுமா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "பால் கொண்டுவரவா?"

"நோட்ட மூடிடு."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மணிக்கு மூச்சு நின்றது.

மகள் வந்தாள். அம்மாவின் தம்பியும் வந்தான். தம்பி எலக்ட்ரீஷியன், துக்க வீட்டிலும் முதலில் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பான். உடலை வைக்கக் குளிர்பெட்டி வந்து இறங்கியதும், "ஒரே லைன்ல எல்லாம் இழுத்தா ஃபியூஸ் போயிடும்கா. நான் பாத்துக்கிறேன்," என்றான். பார்த்துக்கொண்டான்.

விடிய விடிய அவள் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இல்லாமல் போயிருந்ததைக் கவனித்தாள். ஆள் போன வீடு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து திரும்பியவர்களோடு வண்ணமீன் கடைக்காரரும் வந்தார். வருஷக்கணக்காக அவரிடம் மீன் எடுத்தவர். அண்ணன் வளர்த்ததை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே போனவர், உள்ளிருந்தே கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வாங்க."

தண்ணீர் அசையாமல் கிடந்தது. மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் படுத்திருந்தன. தட்டை மீன் படுத்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கிறது. பம்பு, ஹீட்டர் இரண்டின் பிளக்கும் சுத்தமாகக் கழற்றப்பட்டு, ஒயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தம்பி எதையும் அலங்கோலமாக விடமாட்டான்.

"மாமாவுக்காகத்தான்கா..." என்று வாசலில் நின்று ஆரம்பித்தான்.

"நீ போய்ச் சாப்பிடுடா," என்றாள் அவள்.

கடைக்காரர் தரையில் செய்தித்தாளை விரித்து, மீன்களை எடுத்துப் போட்டார். தொழில் புத்தி, செத்ததைக்கூட நிறம் பிரிக்காமல் வைக்க அவர் கைக்கு வராது. இரண்டு குவியல் ஆயின. சின்னதை ஒருமுறை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பத்தொன்பது," என்றார்.

"என்னது?"

"சிவப்புக்கா. எண்பத்தெட்டுக்குப் பத்தொன்பது." மீனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "பச்சைக்குப் பச்சை போட்டு சிவப்பு எடுத்துட்டாரே மனுஷன். இதுவரைக்கும் நீங்க சொல்லி அண்ணன் எழுதிக் குடுத்த எண்ணும் தொட்டியில வந்த எண்ணும் ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்ல. மரியாதைக்குப் பேசாம இருந்தேன். ஆனா இது நெசம். சரியா கால்வாசி, இருபத்திரண்டுன்னு சொல்லியிருந்தா எவனும் நம்பமாட்டான். பத்தொன்பதுன்னா நம்பித்தான் ஆகணும். இயற்கை இப்படித்தான் கொஞ்சம் கோணலா வரும்."

அவள் சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்துப் பிரித்தாள்.

"அண்ணன் காதுல விழுந்துச்சா? சொன்னீங்களா?"

ஈரம் செய்தித்தாளில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவர் கை கழுவ எழுந்து போனார்.

மகள் வந்து அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எதும்மா சிவப்பு?"

அம்மா குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்னக் குவியலைக் காட்டினாள்.

அவளுக்கும் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.