ஆயுத பூஜைக்கு நின்ற கடிகாரம்

விஜயதசமி லீவு முடிந்து கல்லூரிக்கு வந்த கவிநிலா, ஆய்வகக் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது குங்குமத்தைத்தான். சென்னையிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்திருந்த ரூபிடியம் அணுக்கடிகாரத்தின் முகப்பில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். பக்கத்தில் அவளே செய்த கடிகாரப் பெட்டிக்கும் அதே மரியாதை. லேப்டாப் மூடியின்மேல் ஒரு சாமந்திப்பூ வாடிக் கிடந்தது.

பொட்டு வைத்தவர்கள் துடைக்காமல் வைத்திருக்க மாட்டார்கள். துடைத்தவர்கள் அணைக்காமல் துடைத்திருக்க மாட்டார்கள். லேப்டாப்பைத் திறந்து பதிவைப் பார்த்தாள். புதன்கிழமை மதியம்வரை வரிசையாக எண்கள். அங்கே அறுந்து, மறுநாள் காலையில் மறுபடி தொடங்கியிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஆய்வக உதவியாளர் கோதண்டராமன் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ஒரு பொட்டலம். "பொரி எடுத்து வெச்சிருக்கேம்மா உங்களுக்கு. பூஜை நல்லா நடந்துச்சி. பிரின்சிபாலே வந்து தேங்கா ஒடச்சாரு."

"இதை யார் ஆஃப் பண்ணது?"

"நான்தாம்மா. மத்தவங்க யாரையும் கிட்டயே விடல. நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்களே, யாரும் தொடக்கூடாதுனு. சாவிய இடுப்புலயே வெச்சினு இருந்தேன். ஆயுத பூஜையன்னிக்கு அதுக்கு ரெஸ்ட் குடுக்காம எப்டிம்மா? லீவுதான், இருந்தாலும் விஜயதசமி காலைல நல்ல நேரம் பாத்து நானே வந்து ஆன் பண்ணிட்டுப் போனேன்."

அவ்வளவுதான். கவிநிலா கத்திய கத்தல் மெக்கானிக்கல் பிளாக் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வராண்டாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மனுசனா நீங்க" என்பது வரைக்கும் வாய் போய்விட்டது. கோதண்டராமன் பொரிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவளும்தான் என்ன ஒழுங்கு? அதே ஆயுத பூஜைக்கு கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீட்டில் டிராக்டரைக் கழுவி, திருநீற்றில் மூன்று பட்டை போட்டு, பம்புசெட்டை நிறுத்திப் பொட்டு வைத்துவிட்டு வந்தவள்தான். அன்றைக்கு மோட்டாரை ஓட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் முறைத்திருப்பவள் அவளே. இதெல்லாம் கோபம் வரும்போது யாருக்கு ஞாபகம் வருகிறது?

அவளுடைய கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எந்தக் கடிகாரமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஒரு நொடிக்குள் எவ்வளவு ஆடுகிறது, ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு, ஒரு நாளுக்குள் எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு வளைவாக வரைந்து காட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. யாரோ புண்ணியவான் எழுதி, உலகத்துக்கே இலவசமாக விட்டது. ஓசி என்பதால் மட்டம் இல்லை. பெரிய பெரிய ஆய்வகங்களே அதைத்தான் நம்புகின்றன. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அறுபடாத பதிவு. ஒரு நாள் ஆட்டத்தை நம்பிச் சொல்ல வேண்டுமானால், ஒரு வாரமாவது இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, நொடிக்கு நொடி ஒப்பிட்ட கணக்கை அதற்கு ஊட்ட வேண்டும்.

அந்த ஒரு வாரம்தான் அவளுக்கு வாய்க்கவே மாட்டேன் என்றது. முதல் தடவை மின்சாரம் போனது. யூபிஎஸ்ஸில் பேட்டரி செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது, யாரும் சொல்லவில்லை. கடன் கேட்டு, சண்டை போட்டு, புது பேட்டரி வாங்கிப் போட்டாள். இரண்டாம் தடவை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது என்று கல்லூரிக்கு லீவு விட்டார்கள். லீவு என்றால் மெயினை இறக்கிவிடுவது வாட்ச்மேனுக்குப் பழக்கம், இறக்கிவிட்டார். புது பேட்டரி முடிந்தவரை தாக்குப்பிடித்துவிட்டு அடங்கிப்போனது. மூன்றாவது தடவை, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு, நோட்டீஸ் ஒட்டி, சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குத்தான் இந்தப் பொட்டும் பூவும்.

நாலாவது தடவைக்கு வழியில்லை. ரூபிடியம் கடிகாரம் திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்ப வேண்டும். இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பிஎச்டி பதிவே காலாவதி. கடைசி அத்தியாயத்துக்கு இந்த ஒரு வளைவுதான் பாக்கி.

சென்னையில் இருக்கும் அவளுடைய வழிகாட்டி அருணாதேவிக்கு போன் போட்டாள். நடந்ததைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இவளுக்கு இன்னும் எரிந்தது.

"சந்தனம் வெச்சாரா? சரி விடு கவி. ரெண்டு துண்டு இருக்குல்ல? ரெண்டையும் ஒட்டிடு. அந்த சாஃப்ட்வேர்லயே வசதி இருக்கு. நடுவுல எவ்ளோ தள்ளி இருக்கோ அதைக் கழிச்சுட்டு சேர்த்தா வளைவு வழவழனு வந்துடும்."

"அது சரியா மேடம்?"

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான். முதல்ல சப்மிட் பண்ற வழியைப் பாரு."

சரி என்று உட்கார்ந்தாள். முதல் துண்டைப் போட்டாள். வளைவு அழகாக இறங்கியது. இரண்டாவது துண்டைப் போட்டாள். அதுவும் அழகுதான். இவ்வளவு நல்ல கடிகாரத்தைச் செய்துவிட்டு ஒரு வாரத்துக்குப் பிச்சை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. இரண்டையும் சேர்க்கச் சொன்னாள். இரண்டாவது துண்டு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று மென்பொருள் ஒரு எண்ணைக் காட்டி, கழித்துவிடட்டுமா என்று கேட்டது.

அந்த எண் பெரிதாக இருந்தது. கவிநிலா ஏதோ தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி செய்தாள். அதே எண். அணைத்துவிட்டுப் போட்டபின் ஏதோ ஒரு கடிகாரம் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை, வேறொரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

ரூபிடியமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இருக்காது என்றும் தெரியும். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து நிற்பதுதான் அதன் பெருமை. 'உதவாதவை' என்று பெயர் போட்டு ஒதுக்கி வைத்திருந்த பழைய பதிவுகளைத் திறந்தாள். பேட்டரி செத்த நாள், வாட்ச்மேன் மெயினை இறக்கிய நாள். ஒவ்வொரு தடவையும் முன் துண்டு ஒரு வேகத்தில், பின் துண்டு இன்னொரு வேகத்தில். ஒரு தடவை மேலே போயிருந்தது, ஒரு தடவை கீழே.

இத்தனை நாளும் இதை எப்படிப் பார்க்காமல் விட்டாள்? பார்க்க வைக்கிற கணக்கை அவள் கேட்கவே இல்லை, அதுதான். அந்த வளைவுக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும். எந்த வேகத்தில் நின்று ஆடுகிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. தப்பான வேகத்தில் ஆடாமல் ஓடுகிற கடிகாரத்துக்கும் அது நல்ல சர்டிபிகேட் கொடுக்கும். மென்பொருளின் விளக்கத்தில் இது முதலிலேயே எழுதியிருக்கிறது. அவளே வகுப்பில் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆய்வேட்டின் முதல் பக்கம் மேசைமேல் இருந்தது. தலைப்பைப் படித்தாள். 'மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கான மலிவான துல்லியக் கடிகாரம்.' அவளே யோசித்து யோசித்து வைத்த தலைப்பு. கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களுக்குக் கடிகாரம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நாலு வருடமாகக் கரண்ட் போகாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றி அதைச் சோதித்திருக்கிறாள். கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் யாரையாவது திட்டிவிட்டு, அந்தப் பதிவைத் தூக்கி ஓரமாகப் போட்டிருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இது இன்றைக்குத்தானா தெரிய வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. பேட்டரி செத்த அன்றைக்கே தெரிந்திருந்தால் திருத்த அவகாசம் இருந்திருக்கும்.

ஒட்டு என்ற பொத்தானை அழுத்தித்தான் பார்த்தாள். அருணாதேவி சொன்னது போலவே வழவழவென்று ஒரு வளைவு வந்தது. அச்சடித்து அத்தியாயத்தில் வைத்தால் வேலை முடிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி போன் போட்டாள்.

"மேடம், ஒட்ட முடியாது. ஆஃப் பண்ணிப் போட்டா என் பெட்டி பழைய இடத்துக்கு வரல. எல்லாத் தடவையும் அப்படித்தான் இருக்கு."

"கவி, இதை எக்ஸாமினர் கேக்கவே மாட்டார்."

"அவர் ஊர்ல கரண்ட் போகாது மேடம். நம்ம ஊர்ல போகும்."

"பிஎச்டி பதிவு போயிடும். தெரியுமில்ல? மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும்."

"தெரியும் மேடம்." தெரியும் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமைக்குள் அவளால் ஒரே ஒரு காரியம் செய்ய முடியும். பெட்டியை வேண்டுமென்றே அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, ஒவ்வொரு தடவையும் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு மோசம் என்றாவது தெரிந்தால் அடுத்த பெட்டியைச் செய்யலாம். ஆனால் நடுவில் அவளுக்கு வகுப்புகள் இருந்தன. அணைத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

கோதண்டராமன் ஸ்டோர் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"அண்ணா, ஒரு உதவி. நான் கிளாஸுக்குப் போறப்பல்லாம் அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணணும். என் பெட்டியை மட்டும். பெரிய கடிகாரம் ஓடினே இருக்கட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம்மா. நான் அதுமேல கை வெக்க மாட்டேன்."

"நானே சொல்றேன்ல அண்ணா. தப்பு உங்க மேல இல்ல. பெட்டிதான் தப்பு. நீங்க ஆஃப் பண்ணலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. காலைல நான் பேசினது..."

"நீங்க பேசுனதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வேலைல கோவம் வரும்." அவர் சாவிக்கொத்திலிருந்து ஆய்வகச் சாவியை மட்டும் கழற்றினார். வளையம் இறுக்கமாக இருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. "பசங்க பாத்தினு இருந்தாங்க. நாளைக்கு நான் ஒண்ணத் தொடாதனு சொன்னா எவன் மதிப்பான்? எனக்கு வேற லேப் எதுனா போடச் சொல்லி பிரின்சிபால் கிட்ட கேட்ருக்கேன்."

சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை. ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, ஸ்டோருக்குள் போய்க் கண்ணாடிச் சாமான்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

கவிநிலா ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தாள். வகுப்புக்கு மணி அடித்தது. துறைத்தலைவருக்கு, இன்றைக்கு வகுப்பு எடுக்க முடியாது என்று ஒரு வரி அனுப்பினாள். தன் பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தாள். மற்றவர்கள் அணைத்தபோதெல்லாம் ஊரைக் கூட்டியவளுக்கு, தானே அணைக்க மனசு வரவில்லை. அணைத்தாள். பச்சை விளக்கு போனது. திரும்பப் போடும் வரைக்கும் அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை.