மெனாவுக்கு மூன்று கட்டு

"உண்மை ஒருமுறை மனித உருவெடுத்தது. மேற்கு வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில் எழுபத்தெட்டு ஆண்டுகள் நடமாடி, கடந்த செவ்வாய்க்கிழமை காலை அது தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது."

போதகர் இட்ரிஸ் வாசிப்பை நிறுத்தி, காகிதத்தில் விழுந்திருந்த உலர்திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "எப்படி இருக்கு மெனாம்மா?"

மெனா அலமாரிக்கு அடியில் தலையை விட்டு ரப்பர் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தாள். "ராத்திரி," என்றாள் உள்ளே இருந்தபடியே.

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை ராத்திரி. காலையில இல்ல. தப்பாப் படிச்சீங்கன்னா எந்திரிச்சு வந்து திருத்துவாரு."

போதகர் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். போதகர்கள் வந்தால் மட்டுமே திறக்கப்படும் அந்த அறையில், திரைகளை இழுத்துவிட்டு, மெனாவின் கணவர் டெக்வின் பெட்டிக்குள் படுத்திருந்தார். மதியம் அடக்கம்.

டெக்வின் திருத்துவார் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. திருமணத்துக்கு நூறு பேர் வந்தார்கள் என்று யாராவது சொன்னால், அறுபத்து மூன்று என்பார். ஆலயத்தில் மேடைக்குக் கீழே, சபையைப் பார்த்தபடி மூப்பர்கள் உட்காரும் பெரிய இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, போதகர் வசன எண்ணைத் தவறாகச் சொன்னால் தொண்டையைச் செருமுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி தேநீருக்குக் கூப்பிட்டபோது மெனா தலைவலி என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டு வரும்படி டெக்வின் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பினார். தலைவலி இல்லை, வர விருப்பமில்லை என்று மெனா அந்த வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. உண்மை மட்டும் நிலைத்தது.

"இப்ப பூப்பறிக்கப் போறது அவசியமா?" என்றார் போதகர்.

"இன்னைக்குத்தானே போறதா இருந்துச்சு."

அது வாஸ்தவம். மலைக்கு அந்தப் பக்கம், வசந்தத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் டாஃபடில் பூக்களுக்கென்று ஒரு பண்ணை இருந்தது. நாமே வயலில் இறங்கிப் பறித்துக்கொள்ளலாம். விளம்பரத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு வசந்தத்துக்கும் மெனா திட்டம் போடுவாள். ஒரு வருடம் மழை. ஒரு வருடம் டெக்வினுக்கு முழங்கால் வலி. ஒரு வருடம், கடவுள் நட்ட இடத்திலேயே பூ இருக்கட்டும் என்றார். இந்த வருடம் நெஞ்சுவலி வந்து படுத்த பிறகு, "பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். 'போவோம்' என்று சொல்லவில்லை. ஆனாலும் மெனா நாள் குறித்தாள். மகள் நெரிஸ் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு. முட்டை சாண்ட்விச்சா, பாலாடைக்கட்டி சாண்ட்விச்சா என்பதில்கூட முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"அப்பா வராட்டி என்ன, பூ வரட்டும்," என்று சாவியை எடுத்தாள் நெரிஸ்.

பண்ணைக் கொட்டகையில் சிவந்த கன்னங்களோடு பெதன் என்ற பெண்மணி நின்றிருந்தாள். மெனாவின் கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள். "மொட்டாப் பார்த்துப் பறிங்க கண்ணு. விரிஞ்சதைப் பறிச்சா நாளைக்கே தலை தொங்கிரும். கத்தி வேணாம், அடியில பிடிச்சு ஒடிங்க, பட்டுனு வந்துரும். என்ன விசேஷம்?"

"அடக்கம். மதியம்."

"ஐயையோ. யாரு கண்ணு?"

"டெக்வின் ப்ராஸர்."

பெதன் கையிலிருந்த கயிற்றுருண்டை கீழே விழுந்து உருண்டது. "நம்ம டெக்வின் ஐயாவா? வருஷா வருஷம் வருவாரே!" என்றவள், அங்கிருந்த ஒரே நாற்காலியை மேலங்கியால் துடைத்தாள். "இதுலதான் உட்காருவாரு. உட்காருங்க, உட்காருங்க. போகட்டும். இத்தனை வருஷம் கழிச்சு அவங்ககிட்டயே போய்ச் சேர்ந்துட்டாரு."

"யார்கிட்ட?" என்றாள் நெரிஸ்.

"அவரு சம்சாரம்தான். மெனா அம்மா."

வெளியே ஒரு டிராக்டர் போயிற்று. நெரிஸ் வாயைத் திறந்தாள். மெனா அவள் காலைத் தன் ரப்பர் பூட்ஸால் மிதித்தாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும் கண்ணு?" என்றாள் பெதன்.

"கூடப் பிறந்தவ," என்றாள் மெனா. தலைவலிக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பொய் அது. "மெனாவைப் பத்தி என்ன சொல்வாரு?"

"என்ன சொல்லலை? முதல் தடவை வந்தப்ப, சம்சாரத்துக்கு நிமோனியா, ஆஸ்பத்திரியில கிடக்கான்னாரு. அடுத்த வருஷம் வந்தப்ப, வீட்டம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாவம், ஒரு வார்த்தை பேசல. தேநீர் போட்டுக் கொடுத்தேன். கேக் கொடுத்தேன்."

மெனாவுக்கு நிமோனியா வந்தது உண்மை. பதினைந்து நாளில் வீடு திரும்பியதும் உண்மை. எல்லாரையும் திருத்தியவர் அந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை.

"கேக் சாப்பிட்டாரா?"

"ரெண்டு துண்டு. மேல க்ரீம் போட்டு."

வீட்டில் கேக் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, நாவின் ருசியை அடக்குவது பற்றிப் பேசுவது டெக்வினின் வழக்கம்.

"அப்புறம் வருஷா வருஷம் வருவாரு," என்று மூக்கை உறிஞ்சினாள் பெதன். "ஒவ்வொரு தடவையும் அவங்களைப் பத்தி ஏதாவது புதுசாச் சொல்வாரு. பறவை மாதிரி பாடுவாங்களாம். ஒருநாள்கூடக் குரலை உசத்தினதில்லையாம். சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு ஆத்தோரம் நடப்பாங்களாம்."

"எந்த ஆறு?" என்றாள் மெனா. கேள்வி தன்னையறியாமல் வந்துவிட்டது.

"அது தெரியல கண்ணு. ஆனா கடைசியா அவங்க பேசின வார்த்தையைச் சொன்னப்ப எங்க வீட்டுக்காரருகூட அழுதுட்டாரு."

"என்ன சொன்னாளாம்?"

"'நீங்க சொன்னதுதாங்க எப்பவும் சரி.'"

நெரிஸுக்குப் புரையேறியது. பெதன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அத்தை மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்திருக்க வேண்டும். "கல்லறைக்குன்னு மூணு கட்டு எடுத்துக்குவாரு. மூணுக்கு மேல ஒண்ணுகூட இலவசமா வாங்க மாட்டாரு. அவ்வளவு நேர்மை."

மெனா வாளியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். பாதி மலர்ந்து மஞ்சளாகக் கிடந்த வரிசைகளைத் தாண்டிப்போய், இன்னும் பச்சையாக நின்ற வரிசையில் குனிந்தாள். அடியில் பிடித்து ஒடித்தாள். பட்டென்று வந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆலயத்தின் பின்னறை வாசலில் மூன்று கட்டு டாஃபடில் கிடக்கும். கொடுத்தவர் பெயர் தெரியாது. யாராக இருக்கும் என்று அவள் கேட்டால், வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று வேதம் சொல்கிறது என்பார் டெக்வின். அந்தப் பூக்களை ஜாடியில் அடுக்கி, வாடும்வரை தண்ணீர் மாற்றுவது மெனாதான். தன் கல்லறைக்கு வந்த பூவுக்கு. இன்னொன்றை ஒடித்தாள். ஒடித்த காம்பிலிருந்து பிசுபிசுவென்று சாறு வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்ததை ஒடித்தாள். ஆற்றோரம் கையைக் கோத்துக்கொண்டு நடந்த அந்தப் பொம்பளையை அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

கிளம்பும்போது பெதன் காரின் கண்ணாடியைத் தட்டினாள். "எந்த ஆலயம் கண்ணு? நானும் வர்றேன். எங்களுக்கும் உறவு மாதிரிதானே."

மெனா சொன்னாள். வேறு ஆலயத்தின் பெயர் வாயில் வரவில்லை.

மலையேறும்வரை நெரிஸ் பொறுத்துப்பார்த்தாள். "அம்மா, திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா?"

"என்னன்னு?"

"நீ உசுரோட இருக்கேன்னு."

"சாவுக்குப் பூ வாங்கப் போன இடத்துல அதை எப்படிடி சொல்றது?"

"போதகர்கிட்டயாவது சொல்லு. அந்த ஆளு மேடையில ஏறி, உண்மை உண்மைன்னு முழங்கப் போறாரு. நீ முன்வரிசையில உட்கார்ந்து கேட்கப் போறியா?"

மெனா மடியில் வைத்திருந்த கட்டுகளைக் காரின் தரையில் இறக்கி வைத்தாள்.

மதியம் ஆலய வாசலில், மூப்பர்கள் பெட்டியை இறக்கித் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மெனா போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "அந்த உண்மை விஷயத்தைக் கொஞ்சம் எடுத்துடலாமா?"

"எடுக்கிறதா?" என்று திடுக்கிட்டார் போதகர். "அதை எடுத்தா மிச்சம் பிறந்த தேதியும் தபாலாபீஸ் வேலையும்தான் மெனாம்மா. ஏன், என்ன ஆச்சு?"

நெரிஸ் அம்மாவையே பார்த்தாள். பெட்டி தோளுக்கு ஏறிவிட்டது. போதகர் காத்திருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது என்று மெனாவுக்குத் தெரியும்.

"நீளமா இருக்கு," என்றாள்.

பெட்டியின் மேல் மூன்று கட்டு மொட்டு. ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை. "பூ கிடைக்கலையாக்கும், வெங்காயத்தாள் வச்சிருக்காங்க," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். உண்மை மனித உருவெடுத்தது. பள்ளத்தாக்கில் நடமாடியது. செவ்வாய்க்கிழமை இரவு, என்று போதகர் அழுத்திச் சொன்னபோது மூப்பர்கள் தலையாட்டினார்கள். பொய் அறியாத நாவு என்றபோது நெரிஸ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த வேளையில்," என்று குரலைத் தாழ்த்தினார் போதகர், "அவர் உயிருக்கு உயிராய் நேசித்த மெனாவை நினைத்துக்கொள்வோம்."

சபை தலைகுனிந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு விசும்பல் எழுந்தது. முதலில் அடக்கமாக, பிறகு அடக்க முடியாமல். பெதன். ஆலயத்தில் டெக்வினுக்காக யாரும் அப்படி அழவில்லை. மெனா திரும்பிப் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்காக ஒருவர் இவ்வளவு அழுது அவள் கேட்டதில்லை. நிறுத்திவிடக் கூடாதே என்றிருந்தது.

பின்னறையில் தேநீர். பன்றித்தொடை சாண்ட்விச், ரொட்டி, வெண்ணெய். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெதன், போதகரும் மூப்பர்களும் பார்த்திருக்க, மெனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"தைரியமா இருங்க கண்ணு. தூக்கி வளர்த்த தம்பியை மண்ணுக்குக் கொடுக்கிறது லேசில்ல. காலையில உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான் மூத்தவங்கன்னு."

டெக்வினைவிட மெனா ஏழு வயது இளையவள்.