ஐந்து நொடி அழுகை

செல்போன் விளையாட்டு விளம்பரத்தில் யாரும் ஜெயிக்கக் கூடாது. ஐந்து நொடிக்குள் ஒருத்தர் தோற்று அழ வேண்டும். நானாக இருந்தால் ஜெயித்திருப்பேன் என்று பார்க்கிறவன் பொத்தானைத் தொடுவான். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் செய்யும் வேலை இதுதான்.

போன ஐப்பசியில் என் தங்கை ரீபாவை, விக்கிரமசிங்கபுரத்தில் அவள் மாமியார் கொட்டும் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கைக்குழந்தையோடு வாசலில் நின்று ரீபா எனக்கு வாட்ஸப்பில் அழுது குரல் அனுப்பினாள். போய் அழைத்துவந்தேன். மறுநாளே அந்த அழுகையை வெட்டி, பழம் அடுக்கும் விளையாட்டின் விளம்பரத்தில் போட்டேன். மழை, மூடிய கதவு, பிள்ளையோடு ஒரு பெண். பேச்சையெல்லாம் நீக்கிவிட்டேன். கடைசியில் வந்த "ஏசப்பா" மட்டும் விம்மலோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அது பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த மாதமே பண்ணை விளையாட்டுக்காரன் அதைச் சுட்டான். அப்புறம் சமையல், அப்புறம் போர். உடுப்பை மாற்றினார்கள், சத்தத்தை மாற்றவில்லை. எரியும் கோட்டை முன் கிரீடம் வைத்த ராணி "ஏசப்பா" என்று விம்மினாள்.

"சீட்டு விளையாட்டுக்குத்தான் இன்னும் அழுகை போட்டு அனுப்பலை," என்றார் முதலாளி காந்திமதிநாதன். "புதுசா ஒண்ணு புடியும் வே. இது பழசாயிட்டு."

தை மாதம் ரீபாவின் மாமியார் வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சமாதானம் பேச வந்தார்கள். அதற்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தவள் ரீபா. போதகர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன் கிங்ஸ்டன், "இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்," என்றான். பெட்டி தயாராக இருந்தது.

மாமியார் பேச்சில் சேராமல் செல்போனில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். இடையில் போர் விளம்பரம் வந்தது. ராணி அழுதாள். அன்று கதவுக்கு உள்ளே நின்று கேட்டவளுக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

"எங்க வாசல்ல அழுததை ஊரு பூரா வித்துருக்காவ," என்று எழுந்தாள். கிங்ஸ்டன் பிள்ளையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். போதகரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ரீபா பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இப்ப அழுதா எதுலண்ணே போடுவ?" என்றாள்.

சீட்டு என்று என் மனதில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.