சங்கு வாயை மூடிய மத்தியானம்

நாய்க்குட்டிக்குச் சங்கு என்று பெயர் வைத்தது மாடிவீட்டு நர்ஸ். ஆசையாக வைத்த பெயர் அல்ல. "ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு வந்து பகல்ல படுத்தா, இது எனக்குச் சங்கு ஊதாம விடாது போல!" என்று படியில் நின்று அவள் கத்திய நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கீழ்வீட்டுத் தையல்காரியின் கணவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீடு தங்கமாட்டான். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தம்பி கொண்டுவந்து விட்ட குட்டி அது. வேட்டை நாய் இனம். தொங்கும் காது, தரையை விட்டு எழாத மூக்கு. தெருவில் தபால்காரர் போனாலும் ஊளை, யாருமே போகாவிட்டாலும் ஊளை.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் இந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள் நர்ஸ்.

நாயைப் பழக்கத் தம்பி ஒரு கிளிக்கர் வாங்கி வந்தான். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி. அழுத்தினால் 'டிக்' என்றது. "அது நல்லது செய்யற அந்த நொடியில அழுத்தணும், உடனே ஒரு துண்டு கோழி கொடுக்கணும். அவ்வளவுதான்க்கா."

முதல் டிக்கிற்கே சங்கு கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிட்டது. தையல்காரி கிளிக்கரைத் துணியில் சுற்றிச் சத்தத்தை மட்டுப்படுத்தினாள். பயம் தெளிந்தது, வேறு தலைவலி வந்தது. குழந்தைச் சட்டைக்குப் பிரஸ் பட்டன் வைத்து அமுக்கிப் பார்க்கும்போதெல்லாம் சங்கு ஓடிவந்து, எங்கே என் கோழி என்பதுபோல் முன்னால் நின்றது. ஏமாற்றவும் மனசு வரவில்லை. குழம்புக்கு வாங்கிய கோழி முழுக்க அதன் வயிற்றுக்குள் போனது.

உட்காரப் பழகிக்கொண்டது. ஊளைதான் அடங்கவில்லை. ஊளையை நிறுத்தியதும் டிக் அடித்துத் துண்டு கொடுத்தாள். நாளுக்கு நாள் ஊளை கூடியதே தவிரக் குறையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ எங்கக்கா அதைப் பழக்கற? அதுதான் உன்னைப் பழக்கி வெச்சிருக்கு. ஊளை விட்டாத்தானே நிறுத்த முடியும், நிறுத்தினாத்தானே கோழி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும்டா சாமி. கூட்டிட்டுப் போயிடு."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு வாரை எடுத்தான். வெளியே சுற்றத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு சங்கு வாலை ஆட்டியபடி தானே கழுத்தை நீட்டியது. அவள் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, இரு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அழுத்தினா?"

மறுநாள் முதல் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தெருவில் சைக்கிள் மணி கேட்கும். சங்குவின் காது விறைக்கும், வாய் இன்னும் திறந்திருக்காது. அந்த இடுக்கில் டிக். பாதி நேரம் அவள் கை முந்தவில்லை, ஊளை முந்திக்கொண்டது. நர்ஸ் மேலிருந்து தரையைத் தட்டுவாள். கை முந்திய நேரங்களில் தையல்காரி உடனே அழுத்தாமல், டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள்.

மாசக் கடைசி நெருங்கியபோது, ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. சங்கு துள்ளி எழுந்தது. தொண்டை துடித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலைக் கிளிக்கரில் வைத்தாள். சங்கு அவள் முகத்தைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, மறுபடி அவள் முகத்தைப் பார்த்தது. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியது.

டிக். கிண்ணத்தில் இருந்த கோழி அத்தனையையும் அதன் முன்னால் கொட்டினாள்.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. தலை கலைந்து, கண் சிவந்து, வாசலில் நர்ஸ்.

"அக்கா, அது குலைக்கவே இல்லக்கா, சத்தியமா..."

"அதான் எழுந்து வந்தேன்! அந்த வண்டி சத்தத்துக்குக்கூட இது வாயைத் திறக்கலியே. உடம்புக்கு ஏதாவதா, இல்ல யாருக்காவது கொடுத்துட்டியோன்னு பயந்துட்டேன்" என்ற நர்ஸ், தின்றுகொண்டிருந்த சங்குவைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இருக்கா? அப்பாடா. சரி, நான் போய்ப் படுக்கறேன்."

தையல்காரி தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சங்கு காலிக் கிண்ணத்தை நக்கியபடி அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது.