எங்கள் வீட்டு ரோமிங் டெண்டர்

ஒரு கிலோ வெங்காயத்துக்கே மூன்று கடையில் விலை கேட்கிற மனுஷன், பெண்டாட்டி வெளிநாடு போகிறாள் என்றால் சும்மா விடுவாரா? என் போனுக்கு ரோமிங் பிளான் போட டெண்டரே விட்டுவிட்டார்.

அவர் ஏனோக், என் வீட்டுக்காரர். காஞ்சன்பாக்கில் ஏவுகணை சம்பந்தப்பட்ட லேப் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். எங்கள் மகள் பெயர் பெர்லின், அவளுக்குக் கோலாலம்பூரில் வேலை. சொந்தமாக பிளாட் வாங்கியிருந்தாள். சனிக்கிழமை புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ரிப்பன் வெட்டினால்தான் உள்ளே போவேன் என்றாள்.

டிக்கெட் போட்ட நாளிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. இவரோ வரமாட்டேன் என்றுவிட்டார். பாஸ்போர்ட் இருக்கிறது, விசா வேண்டாத ஊர், உடம்பிலும் ஒரு கோளாறு இல்லை.

“எங்க லேப்ல மேல போன ஒண்ணாச்சும் முழுசா திரும்பி வந்திருக்கா, ஏட்டி?” என்றார்.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். இரண்டு நாள் வெறும் ரசம் வைத்தேன். மனுஷன் அசையவில்லை. நான் மட்டும் தனியாக ரிப்பன் வெட்ட வேண்டியதுதான் என்று பெட்டி கட்டத் தொடங்கினேன். அந்த நேரத்தில்தான் இவர் ஒரு புது ஃபைலைத் திறந்தார்.

லோத்குண்டாவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கமிட்டி கூடியது. இவர் தலைவர். மகன் பிளஸ்ஸன் டெக்னிக்கல் மெம்பர், ஏனென்றால் அவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நான் பொருளைக் கேட்கிற டிபார்ட்மென்ட்.

“டாடி, இது அஞ்சு நிமிஷ வேலை. நான் ஆப்ல போட்டுடறேன்,” என்றான் பிளஸ்ஸன்.

“நக்கோ, வேண்டாம். முறைப்படி நடக்கணும். சுந்தரி, உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் வேணும்?”

“அதை எப்படிங்க முன்கூட்டியே சொல்லுதது? பேச்சு வந்தா பேசப் போறேன்.”

“அளவு சொல்லாம எப்படிட்டி வாங்குதது?”

மறுநாள் கையில் வாட்சோடு என் பின்னாலேயே அலைந்தார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம், அதில் என் பங்கு முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நானும் வெட்கமில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து மூன்று கொட்டேஷன். ஒரு போன் கடைக்குப் போய், பிளான் விவரத்தைக் கம்பெனித் தாளில் சீல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல், கடையில் இருந்த ஒரே சீலை வைத்துக் கொடுத்திருக்கிறாள். ‘கேஷ் ரிசீவ்ட்’ என்று இருந்தது.

இ-சிம் முதல் சுற்றிலேயே அவுட். “கையில பிடிச்சுப் பாக்க முடியாத சாமானை எப்படிடா இன்ஸ்பெக்ட் பண்ணுதது?” என்று பிளஸ்ஸனை மடக்கினார். அந்த ஊர் ஏர்போர்ட்டிலேயே சிம் வாங்கலாம், ஆனால் நம்பர் மாறிவிடும். சர்ச் பெண்கள் குழுவில் பாதிப் பேர் தெரியாத நம்பரை எடுக்கமாட்டார்கள். கடைசியில் நம் சிம்மிலேயே பத்து நாள் ரோமிங் பேக் என்று முடிவானது. இவரே தன் கையால் ஆப்பில் பணம் கட்டினார். ரசீதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்துவிட்டு, வெற்றி வீரர் மாதிரி காபி கேட்டார்.

இரண்டு நாள் ஆகியும் என் போனுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. பிளஸ்ஸன் சந்தேகப்பட்டு அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் சோபாவில் சாய்ந்து சிரித்தான்.

“மம்மி! பேக் டாடி நம்பருக்குப் போயிருச்சு! லோத்குண்டால உக்காந்துட்டு டாடிக்கு மலேசியா ரோமிங்!”

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெசேஜை வாசித்தார். நம்பர் மாற்ற முடியாது. பணம் திரும்பாது. முப்பது நாளைக்குள் வெளிநாட்டில் இறங்காவிட்டால் காலாவதி.

“போனாப் போகுதுங்க, எனக்கு இன்னொண்ணு போட்டுக்கிடுவோம்,” என்றேன்.

“போனாப் போகுதா? வாங்கிட்டுப் பயன்படுத்தலைன்னா ஆடிட்ல கேக்க மாட்டானா?”

“எந்த ஆடிட் டாடி? நம்ம வீட்டுக்கா?”

“பிளஸ்ஸா, உங்கம்மா ஃபிளைட்ல சீட் இருக்கான்னு பாருடா.”

பிளஸ்ஸன் தேடிப் பார்த்தான், சீட் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான். “டாடி, பேக் ரெண்டாயிரத்துச் சொச்சம். டிக்கெட் பதினெட்டாயிரம்.”

“அது வேற ஹெட், வேற கணக்கு,” என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், மகன் பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல். பெர்லினிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம்.

விமானம் எழும்பும்போது அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. மேலே போய்ச் சமமானதும் ஜெபம் பண்ணுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். பொழுது போகாமல், அவர் மடியிலிருந்த டெண்டர் ஃபைலை எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கம், கமிட்டி கூடிய முதல் நாள் தேதி. ‘யாருக்கு’ என்ற இடத்தில், அவர் கையெழுத்தில், ஏனோக். பக்கத்தில் அவர் நம்பர். அதன் கீழே அவர் பாஸ்போர்ட் நம்பரும் இருந்தது.

முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு படிவத்திலும் நம்பரைத் தப்பாக எழுதாத மனுஷன்! வர ஆசை, ஏற பயம். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் தனக்குத் தானே ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஃபைலைச் சத்தமில்லாமல் மடியிலேயே வைத்துவிட்டேன்.

கோலாலம்பூரில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிவாசல் பக்கம் வந்தபோது அவர் போனில் சிக்னல் வந்தது. பேக் தொடங்கிவிட்டது என்று மெசேஜ். இவர் நேராக நிமிர்ந்து நின்று பெர்லினை அழைத்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

“டாடி, ஏன் அவசரப்படுதீங்க? மம்மி இன்னும் வெளிய வரல. வந்ததும் லோத்குண்டாவுக்கு நானே கூப்பிடுதேன்.”

இவர் தொண்டையைச் செருமினார்.

“ஏட்டி பெர்லின், மேல போனது ரெண்டும் முழுசா கீழ எறங்கிட்டு.”

அவள் போட்ட கூச்சல் போனிலும் கேட்டது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.