மூன்று மூடி மருந்து

சனிக்கிழமை மாலை மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போன ரோஸி, வாளியை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள். தக்காளிச் செடியடியில் படர்ந்திருந்த புதினாவை யாரோ கத்தரிக்கோலால் மொட்டையாக வெட்டிப் போயிருந்தார்கள்.

ஆஸ்டின் டவுனில் அந்தக் கட்டடத்தின் வழக்கம் அது. மாடியில் எவர் வளர்த்தாலும் கீரையும் புதினாவும் எல்லா வீட்டுக்கும் சொந்தம், கேட்டுப் பறிப்பதில்லை. ரோஸியின் தொட்டிகளுக்குத்தான் கிராக்கி அதிகம். "என் செடிக்கு மருந்தே கிடையாது, வெறும் வேப்பெண்ணெய்தான்" என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருந்தாள்.

ஆனால் பத்து நாளாகத் தக்காளியில் வெள்ளை ஈ. கிளையைத் தொட்டாலே சாம்பல் போலக் கிளம்பியது. இலைகள் சுருண்டு மஞ்சளாயின. வேப்பெண்ணெய்க்கு எதுவும் அடங்கவில்லை. நர்சரிக்காரர் ஒரு பெரிய கேனிலிருந்து எதையோ காலி மாம்பழ ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, "ஒரு மூடி போதும்" என்றார். அது என்ன மருந்து என்று அவள் கேட்கவில்லை. இன்று காலை ஆத்திரத்தில் மூன்று மூடி கலந்து அடித்தாள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் சொல்ல எடுத்த போனை, கூச்சப்பட்டு உள்ளே வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். கீழ்வீட்டு ஜெயவேலு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, புதினா நீங்க பறிச்சீங்களா?"

"நான் வடிக்கிற சோத்துக்குப் புதினா ஒரு கேடா? சௌம்யாதான் கை நெறய எடுத்துட்டுப் போச்சு. ஏம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

சௌம்யாவுக்கு இது ஏழாம் மாதம்.

முதல் மாடிக் கதவை ரோஸி இரண்டு கையாலும் தட்டினாள். திறந்த சௌம்யாவின் கையில் பச்சையாய்ப் பாதி டம்ளர்.

"வாங்கக்கா. நெஞ்செரிச்சலுக்குப் புதினா ஜூஸ். நாலு வாய்தான் குடிச்சேன், என்னமோ கசக்குது."

ரோஸி டம்ளரைப் பிடுங்கினாள். "பூச்சிமருந்து அடிச்சிருக்கேன், சௌம்யா."

சௌம்யாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஜெயவேலுவின் ஆட்டோவில் போகும்போதே, மருந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ரோஸி குழுவில் எழுதினாள்: யாரும் எதையும் பறிக்காதீங்க. நர்சரிக்காரரின் போன் அணைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சௌம்யாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபடியே கேட்டார். "என்ன மருந்து?"

ரோஸி பாட்டிலை நீட்டினாள். அதன் லேபிளில் இரண்டு மாம்பழப் படங்கள் மட்டுமே இருந்தன.

"பேரே தெரியாம நான் எதுக்கும்மா மாத்து மருந்து குடுப்பேன்?"

"குழந்த அசையற மாதிரியே தெரியலக்கா" என்றாள் சௌம்யா. வியர்வையில் அவள் நெற்றி முடி ஒட்டியிருந்தது. கருவி தேடித் தேடிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கும்வரை ரோஸி மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

மறுநாள் முற்பகலில்தான், இரண்டு உயிருக்கும் ஆபத்தில்லை என்றார்கள். கட்டிலருகே வர அஞ்சி ரோஸி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் சௌம்யா. குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "செடிக்கு நோய் வந்தா மருந்து அடிக்கறதுதான். என்ன மருந்துன்னு கேட்டு வாங்குங்க, அடிச்சா அன்னிக்கே எல்லாருக்கும் சொல்லுங்க. அவ்ளோதானே? மானம் போயிடும்னு நீங்க பயந்தீங்க. அந்தப் பயத்தத்தான் நான் டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன்."