சைமன் எழுதிய பெயர்

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் சைமனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் எஞ்சின் மூடியில் சிவப்புப் பெயின்ட்டால் தன் பெயரை எழுதிவிடுவார்.

மகிழினி ரிப்பேருக்கு விட்டுப்போன காரிலும் எழுதினார். ஐம்பது வயசைத் தாண்டிய அமெரிக்க வண்டி, எட்டு சிலிண்டர். ஆயில் ஒழுகுவதை நிறுத்தச் சொல்லித்தான் விட்டிருந்தாள். ஆனால் நின்ற இடத்தில் அது குலுங்கிக் குலுங்கி உறுமுவதைச் சைமனால் பொறுக்க முடியவில்லை. படகு எஞ்சின் இப்படி உதறினால் எவன் கடலுக்குப் போவான்? கேம் ஷாஃப்டைக் கழற்றி, வால்வைத் தூக்கிவிடும் அதன் மேடுகளைத் திருவொற்றியூர் பட்டறையில் தேய்த்துக் குறைத்து மாட்டினார். வண்டி தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

"அமெரிக்காக்காரனுக்கே தெர்ல, நான் சரி பண்ணிக்கீறேன்" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

மகிழினி எண்ணூர் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த உதறல் எங்கண்ணா?"

"எடுத்துட்டேம்மா."

"ஸ்பீடுல காத்த அள்ளி இழுக்கணும்னுதான் வால்வு ரொம்ப நேரம் தொறந்துகினு இருக்கும். அதான் நின்னா உதறும், ஓடுனா பறக்கும். இப்போ ஒரு லாரியக்கூட தாண்ட மாட்டேங்குது."

தேய்த்த இரும்பு திரும்ப வளராது. சைமனுக்குக் காதுமடல் சுட்டது. முப்பது வருஷம் எஞ்சினோடு புழங்கியவர், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துத் தன் பெயரை அழிக்கக் குனிந்தார்.

மகிழினி அவர் கையைத் தடுத்தாள்.

"இருக்கட்டும்ணா. செஞ்சது நீதான."